முன்பக்கம் கிறிஸ்து, பின்பக்கம் அரசன்: இது எந்த ஜஸ்டீனியன்?

நீலாம்பரி:

வணக்கம். என் சித்தப்பா கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, போன வாரம்தான் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறக்கச் சித்திக்கு மனம் வந்தது. அடியில் ஒரு புகையிலை டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு காசு. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில் அவர் கையெழுத்து: "இஸ்தான்புல், 1978. ஜஸ்டீனியன். தங்கம்." கல்யாண விசாரிப்பைக்கூடத் தந்தி அடிப்பது போல எழுதிய மனிதர். அதனால் இதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும்.

காசு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, மெல்லியது. ஒரு பக்கத்தில் தாடி வைத்த ஒருவரின் மார்பளவு உருவம். தலைக்குப் பின்னால் ஒரு சிலுவையின் மூன்று முனைகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. வலக்கை ஆசி கூறும் பாவனையில் இருக்கிறது. இடக்கையில் ஒரு தடித்த புத்தகம், அட்டை முழுவதும் மணி பதித்ததைப் போலப் புள்ளிகள். கிறிஸ்து என்பதில் சந்தேகமில்லை. மறுபக்கத்தில் கிரீடம் வைத்த ஒருவர் நேராக நிற்கிறார். உடம்பில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பட்டை. இரண்டு படிகள் மேல் நிறுத்திய நீளச் சிலுவையை வலக்கையால் பிடித்திருக்கிறார். சுற்றியுள்ள எழுத்துகளை உருப்பெருக்கியில் கூட்டிப் படித்தால் "இயுஸ்டினியானுஸ் செர்வ் கிறிஸ்டி" என்று வருகிறது. காலடியில் "கோனோப்".

ஹாகியா சோபியாவைக் கட்டிய ஜஸ்டீனியன் இவர்தானா? அரசன் தன் காசில் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நிற்பானேன்? அப்புறம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்: இது உண்மையான காசுதானா?

தாழ்வாரம்:

பெயர்க் குழப்பம்தான். ஹாகியா சோபியா தேவாலயத்தைக் கட்டியவர் முதலாம் ஜஸ்டீனியன், பைசாந்தியம் என்று சொல்லும் கிழக்கு ரோமானியப் பேரரசின் அரசர், ஆட்சி 527 முதல் 565 வரை. உங்கள் காசில் நிற்பவர் இரண்டாம் ஜஸ்டீனியன், 685இல் பதினாறு வயதில் அரியணை ஏறியவர். இருவருக்கும் இரத்த உறவு இல்லை. இவர் ஹெராக்ளியஸ் வம்சம். தந்தை நான்காம் கான்ஸ்டன்டைன். பழைய பெரிய பெயரைப் பிள்ளைக்கு வைத்தார், பிள்ளை பெயருக்கு ஏற்றபடி வாழ்ந்து காட்டுகிறேன் என்று புறப்பட்டு நாட்டைப் படாத பாடு படுத்தினார்.

முன்பக்கம் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், அதுவரை தங்கக்காசின் முன்பக்கம் அரசனுக்கே உரியது. இவர்தான் அந்த இடத்தைக் கிறிஸ்துவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் போனவர். காசு விஷயம் என்றால் இங்கே உரைகல் ஐயா இருக்கிறார். அவர் கண்ணில் படும்வரை பொறுங்கள்.

உரைகல்:

கண்ணில் பட்டுவிட்டது. நீலாம்பரி அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். காசை எந்த நகைக்கடைக்கும் எடுத்துப்போய் உரைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். நாற்பது வருடம் பட்டறையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். உரைகல் என்று பெயர் வைத்துக்கொண்டு உரைக்காதே என்கிறானே என்று சிரிக்க வேண்டாம். நகைக்கு அது சோதனை, பழங்காசுக்கு அது காயம். புளி போட்டுத் தேய்ப்பதும், பல்லில் கடித்துப் பார்ப்பதும் அதே வகைதான்.

இந்தக் காசுக்கு லத்தீனில் சாலிடஸ் என்று பெயர், கிரேக்கத்தில் நோமிஸ்மா. அளவை வகுத்தவர் முதலாம் கான்ஸ்டன்டைன், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு 72 காசு. கணக்குப் போட்டால் ஒன்று நாலரை கிராம் வரும். அந்த எடையை 24 பங்காக்கி, ஒரு பங்குக்குக் கெராட்டியோன் என்று பெயர் வைத்தார்கள். கரோப் மரத்தின் விதை. குண்டுமணி வைத்துப் பொன் நிறுத்த பரம்பரையில் வந்தவன் என்பதால் எனக்கு அந்த விதையின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. நாம் தினமும் உச்சரிக்கும் காரட் அதுதான். காலடியில் நீங்கள் படித்த "கோனோப்" இரண்டு சொல்லின் ஒட்டு: "கோன்" கான்ஸ்டான்டிநோபிள், "ஓப்" புடமிட்ட சுத்தத் தங்கம். ஆணிப்பொன் முத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் முடிகிற இடத்தில் தனியாக ஒரு கிரேக்க எழுத்து இருக்கலாம். தலைநகர் அக்கசாலையில், அதாவது காசடிக்கும் சாலையில், பத்துப் பட்டறைகள் இருந்தன. எந்தப் பட்டறை அடித்தது என்பதற்கு அந்த எழுத்து அடையாளம்.

இனி ஆள். முதல் சில வருடக் காசுகளில் இவர் முகம்தான் முன்னால் இருந்தது. தாடி முளைக்காத பையன் முகம், பிறகு குறுந்தாடி. பின்பக்கம் படிமேல் சிலுவை, அது இவருக்கு முன்பே வழக்கத்தில் இருந்த கோலம். 692ஐ ஒட்டித்தான் அடியோடு மாற்றினார். முன்பக்கம் கிறிஸ்து, சுற்றிலும் "அரசாளுவோரின் அரசர்" என்று பொருள்படும் லத்தீன் வாசகம். பின்பக்கம் தான், "கிறிஸ்துவின் அடிமை" என்ற பட்டத்தோடு. உங்கள் "செர்வ் கிறிஸ்டி" அதுதான். குறுக்கே போகும் பட்டைக்கு லோரோஸ் என்று பெயர், கல் பதித்த நீளமான அங்கவஸ்திரம். இடக்கையைப் பாருங்கள், சின்னச் சுருள் ஒன்று இருக்க வேண்டும். அகாகியா என்பார்கள். மண்ணை வைத்துச் சுருட்டிய பட்டு. அரசனும் ஒருநாள் மண்தான் என்று நினைவூட்ட. அதே ஆண்டை ஒட்டி அரண்மனையின் குவிமாட மண்டபத்தில் ஒரு திருச்சபைக் கூட்டம் கூட்டினார். கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக வரையக் கூடாது, மனித உருவில்தான் வரைய வேண்டும் என்று அதில் ஒரு விதி, 82ஆவது. காசும் விதியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை.

அடிமை என்று எழுதிக்கொண்டவர் ஆண்ட விதம் வேறு. வரி வசூலுக்கு இரண்டு பேரை வைத்திருந்தார். ஒருவர் ஸ்டீபன், பாரசீகர். அரசர் ஊரில் இல்லாத நேரத்தில் அவருடைய தாய் அனஸ்தாசியாவையே பள்ளிப் பிள்ளையை அடிப்பதைப் போல வாரால் அடித்தவர். இன்னொருவர் தியோடோட்டஸ், துறவியாக இருந்தவர். வரி கட்டாதவர்களைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கீழே வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டவர். இதையெல்லாம் எழுதிவைத்திருப்பவர் தியோஃபனேஸ் என்ற துறவி, நூறு வருடம் கழித்து. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று கழித்துக்கொண்டாலும், 695இல் நகரம் திரண்டதைக் கழிக்க முடியாது. மூன்று வருடம் சிறையில் கிடந்த லியோன்டியஸ் என்ற தளபதியை முன்னால் நிறுத்தி அரண்மனையைப் பிடித்தார்கள். ஜஸ்டீனியனைக் குதிரைப் பந்தயத் திடலுக்கு இழுத்து வந்து மூக்கை அறுத்தார்கள். கொல்லவில்லை. அங்கம் குறைந்தவன் அரியணை ஏற முடியாது என்பது அந்த ஊர் வழக்கம். மூக்கை எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். கப்பலேற்றிக் கிரிமியாவின் செர்சோனுக்கு அனுப்பினார்கள்.

கணக்குத் தப்பியது. செர்சோனிலிருந்து, கருங்கடலுக்கு வடக்கே ஆண்ட கசார் இனத்தாரிடம் ஓடினார். அவர்களுடைய மன்னரின் தங்கையை மணந்து அவளுக்குத் தியோடோரா என்று பெயர் வைத்தார், முதலாம் ஜஸ்டீனியனின் மனைவி பெயர்! பைத்தியம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். மைத்துனரே தன்னைக் கொல்ல ஆள் அனுப்பியது தெரிந்ததும், வந்த இரண்டு அதிகாரிகளைத் தனித்தனியே அழைத்துக் கயிற்றால் நெரித்துவிட்டுப் படகேறினார். கருங்கடலில் புயல். கூட இருந்த வேலையாள், உயிர் பிழைத்தால் எதிரிகளை மன்னித்துவிடுவதாகக் கடவுளிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். அவர்களில் ஒருவனை விட்டாலும் கடவுள் என்னை இங்கேயே மூழ்கடிக்கட்டும் என்றாராம் இவர். பல்கேரியத் தலைவர் டெர்வலின் படையோடு 705இல் நகர மதிலுக்கு வெளியே மூன்று நாள் நின்றார். உள்ளிருந்தவர்கள் மதில்மேல் நின்று ஏசினார்கள். அப்புறம் ஒரு இரவு சில ஆட்களோடு நீர்க்குழாய் வழியாகத் தவழ்ந்து உள்ளே போனார். காலையில் அரசர்.

அங்கிருந்து ஆறு வருடம் இரண்டாம் ஆட்சி. அப்போதும் காசின் முன்பக்கம் கிறிஸ்துதான். ஆனால் அது வேறு கிறிஸ்து! அச்சு செதுக்கியவன் வேறு படத்தைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான். வாசகமும் மாறியது. "அடிமை" போய்விட்டது, "பல்லாண்டு" என்று வாழ்த்து வந்தது. அரசர் நிற்கவில்லை, மார்பளவு உருவம், ஒரு கையில் படிமேல் சிலுவை, மறுகையில் "பாக்ஸ்" என்று எழுதிய உருண்டை. சமாதானம் என்று அர்த்தம். அதைப் பிடித்திருக்கும் ஆள் யார் என்று தெரிந்தால் சிரிப்புத்தான் வரும்.

அம்மா, எனக்கு நாலு தகவல் வேண்டும். இரண்டு தசம எண் காட்டும் தராசில் எடை. விளிம்பை உருப்பெருக்கியில் சுற்றிப் பார்த்தால் கோடு ஏதாவது ஓடுகிறதா? கிறிஸ்துவைத் தலை மேலாக வைத்துப் புத்தகத் தாளைத் திருப்புவதைப் போலக் காசைத் திருப்பினால் அரசர் நிமிர்ந்து நிற்கிறாரா, தலைகீழாகத் தொங்குகிறாரா? கடைசியாக, கிறிஸ்துவின் தலைமுடி எப்படி இருக்கிறது? இதை மட்டும் அவசரப்படாமல் பார்த்து எழுதுங்கள்.

எடை பார்க்கும்போதே இன்னொன்றும் செய்துவிடலாம். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காசுக்கு ஒரு கீறலும் விழாது.

நீலாம்பரி:

ஐயா, தெரிந்த பொற்கொல்லர் ஒருவரின் தராசில் பார்த்துவிட்டு வந்தேன். அவர் உரைகல்லை எடுக்கக் கை நீட்டினார், நான் கையைப் பிடிக்காத குறை.

எடை 4.12 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் விட்டபோது தராசு 0.26 காட்டியது. மூன்று தடவை செய்தோம், அதே எண். விளிம்பில் கோடு என்று தெளிவாக இல்லை. ஆனால் ஓரிடத்தில் அரம் போட்டு ராவியதைப் போலக் குட்டிக் குட்டிக் கீறல்கள் ஒரே திசையில் போகின்றன. சித்தப்பாவின் வேலை இல்லை. அவர் கைபட்டிருந்தால் கண்ணாடி போல இருந்திருக்கும். புத்தகத் தாள் மாதிரி திருப்பினால் அரசர் நிமிர்ந்தே நிற்கிறார். இடக்கையில் நீங்கள் சொன்ன சுருள் இருக்கிறது. அது மண் என்று தெரிந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தலைமுடி: சுருள் முடி. நெற்றிக்கு மேல் மணி கோத்ததைப் போல இரண்டு வரிசைச் சுருள். காதுக்குக் கீழே முடி வரவில்லை. தாடி ஒட்ட வெட்டியது, தாடையை ஒட்டிப் புள்ளிகளாகத்தான் தெரிகிறது. சர்ச் படங்களில் பார்க்கிற கிறிஸ்து மாதிரி இல்லை, வயதும் குறைவாகத் தெரிகிறது. இது ஏன் முக்கியம்?

கடைசிப்பக்கம்:

பதில் உரைகல் ஐயாவே சொல்லட்டும். எனக்கு விடை தெரிந்துவிட்டது, நல்ல செய்தி இல்லை. அதற்குள் அவர் சொன்னதில் கொஞ்சம் கை வைத்துக்கொள்கிறேன். பழகியவர், கோபிக்க மாட்டார்.

தாழ்வாரம் சொன்னதைப் படித்துவிட்டுக் காசில் கிறிஸ்து வந்ததே இவரால்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 450இல் அரசர் மார்சியனும் அரசி புல்கேரியாவும் மணந்தபோது அடித்த தங்கக்காசில் இருவருக்கும் நடுவே கிறிஸ்து நிற்கிறார், கல்யாணத்தை நடத்தி வைப்பவராக. இரண்டாம் ஜஸ்டீனியன் செய்த புதுமை, கிறிஸ்துவின் முகத்தை அரசன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தது.

அதைவிடப் பெரிய குறை, ஐயா எல்லாவற்றையும் அரண்மனைக்குள்ளேயே முடித்துவிட்டார். டமாஸ்கஸை மறந்துவிட்டார். எதிர்ப்பக்கத்தில், டமாஸ்கஸிலிருந்து அரபுப் பேரரசை ஆண்ட கலீஃபா அப்துல் மாலிக் இருந்தார். ஒப்பந்தப்படி அவர் பைசாந்தியத்துக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார். நாளொன்றுக்கு ஆயிரம் பொற்காசு, ஒரு குதிரை, ஓர் அடிமை என்று தியோஃபனேஸ் கணக்குச் சொல்கிறார். அப்துல் மாலிக் புதுவிதக் காசில் கப்பம் அனுப்பியதாகவும், ஜஸ்டீனியன் அதை வாங்க மறுத்துச் சண்டைக்குப் போனதாகவும் அவரே எழுதுகிறார். போன சண்டை செபாஸ்டோபோலிஸ், 692ஐ ஒட்டி. அரபுப் படை முறிந்துபோன ஒப்பந்தத்தை ஈட்டி முனையில் கட்டிக்கொண்டு வந்தது. ஜஸ்டீனியன் திரட்டி வைத்திருந்த ஸ்லாவ் வீரர்களில் பெரும்பகுதி போர்க்களத்திலேயே கட்சி மாறியது. தோல்வி.

இரு தரப்புக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே அரசர் கிறிஸ்துவுக்கு முன்பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கிறார். அங்கே முதலில் கலீஃபா வாளோடு நிற்கும் தினார். பிறகு ஹிஜ்ரி 77இல், அதாவது 696-97இல், உருவமே இல்லாத தினார், இருபக்கமும் எழுத்து மட்டும், இறைவன் ஒருவனே என்ற வாசகத்தோடு. எடையையும் 4.25 கிராமுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு ஊர்க் காசும் ஐந்தாறு வருட இடைவெளியில் தலைகீழாக மாறியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. யார் முதலில் ஆரம்பித்தது, யார் பதில் சொன்னது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது.

மூக்கு. ஜஸ்டீனியன் தங்கத்தில் மூக்குச் செய்து மாட்டிக்கொண்டார் என்பார்கள். 9ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ரவென்னாவில் இருந்த அக்னெல்லஸ் என்ற குரு எழுதியது அது. ரவென்னாக்காரர்கள் ஜஸ்டீனியன் கையில் அனுபவித்தவர்கள். கதையை அந்தக் காதோடுதான் கேட்க வேண்டும். காசைக் கேட்டால் பதில் வராது. இரண்டாம் ஆட்சிக் காசுகளில் அவருக்கு மூக்கு முழுசாக, நேராக இருக்கிறது.

உரைகல்:

டமாஸ்கஸை விட்டது தப்புத்தான். தங்கத்தைத் தொட்டவனுக்கு அரண்மனைதான் கண்ணில் படும்.

நீலாம்பரி அம்மா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் காசு கான்ஸ்டான்டிநோபிளில் அடித்தது இல்லை. பிற்காலத்தில் யாரோ வார்த்தது.

முடியைக் கேட்டதற்குக் காரணம் இதுதான். முதல் ஆட்சியின் கிறிஸ்துவுக்கு நீண்ட முடி, இரண்டு பக்கமும் தோளைத் தொடும். தாடி நிறைவாக இருக்கும். சினாய் மலையில் புனித கத்தரீன் மடத்தில் இருக்கும் பழைய ஓவியத்தின் முகம் அது. சர்ச் படங்களில் இன்றும் நீங்கள் பார்ப்பது அந்த முகத்தின் வாரிசுகளைத்தான். சுருள் முடியும் ஒட்ட வெட்டிய தாடியும் உள்ள இளைய கிறிஸ்து இரண்டாம் ஆட்சியில் வந்தவர். உங்கள் காசின் முன்பக்கம் அவர். பின்பக்கமோ "கிறிஸ்துவின் அடிமை", நின்ற கோலம். அது முதல் ஆட்சி. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே பத்து வருடம் இருக்கிறது. அந்தப் பத்து வருடத்தில் ஒரு மூக்கு போயிருக்கிறது, லியோன்டியஸ், அப்சிமார் என்று இரண்டு பேர் அரியணையில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். எந்தப் பட்டறைக்காரனும் பழைய "அடிமை" அச்சைப் பத்து வருடம் மடியில் கட்டிக்கொண்டிருந்து, திரும்பி வந்த ஆளுக்கு அதில் காசடித்துக் கொடுத்திருக்க மாட்டான். அந்த ஆள் திரும்பி வந்து முதலில் செய்ததே லியோன்டியஸையும் அப்சிமாரையும் திடலில் படுக்க வைத்து, இருவர் கழுத்திலும் ஆளுக்கொரு காலை வைத்துக்கொண்டு பந்தயம் பார்த்ததுதான். பிறகு தலையை எடுத்தார்.

போலி செய்தவன் இரண்டு காசைப் பார்த்திருக்கிறான். இதில் முன்பக்கம் அழகு, அதில் பின்பக்கம் அழகு என்று எடுத்துச் சேர்த்துவிட்டான். ரசனை உள்ளவன்தான். படிப்பு போதவில்லை.

முடி ஒன்றை வைத்தே முடிவு சொல்லலாம் என்றாலும், மற்றதும் சேர்ந்தே வருகிறது. எடை 4.12, நல்ல நிலையில் இருக்கும் சாலிடஸ் 4.4ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும், உங்களுடையது தேய்ந்ததாகவும் நீங்கள் சொல்லவில்லை. தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று பார்க்க 4.12ஐ 0.26ஆல் வகுத்தால் பதினாறுக்குக் கொஞ்சம் குறைவு. சுத்தத் தங்கம் பத்தொன்பதுக்கு மேல் வர வேண்டும். ஆக இது ஏறக்குறைய 18 காரட், செம்பும் வெள்ளியும் கலந்தது. காலடியில் ஆணிப்பொன் முத்திரையோடு இந்த மாற்றில் அக்கசாலை காசு விட்டிருந்தால் பட்டறைக்காரன் கையை இழந்திருப்பான். அந்தக் காலத்து அச்சுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்து அடிக்கப்பட்டவை; உங்கள் அரசர் தாளைத் திருப்பியதும் ஜம்மென்று நிற்கிறார். ராவிய கீறல், வார்ப்பின் விளிம்புக் கோட்டை மறைத்த இடம். என் பட்டறையில் பையன்கள் இதைவிட நன்றாக மறைப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்குத் துருக்கியில் ஆட்டோமான் காலத்திலிருந்தே தடை. உண்மையான காசாக இருந்திருந்தால் அது எப்படி வந்தது என்ற கேள்வி உங்கள் சித்தி தலையில் விழுந்திருக்கும். அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் ஆட்சிக் காசில் இன்னொரு வகை உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கசார் மனைவிக்கு ஒரு பையன் பிறந்தான், டைபீரியஸ். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவனைத் துணை அரசனாக்கினார். காசின் பின்பக்கத்தில் அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் இருந்து நடுவே உள்ள சிலுவையைச் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள். அப்பாவின் தலை பெரிது, பிள்ளையின் தலை சிறிது. 711இல் செர்சோனில் கலகம் வெடித்து, படை பிலிப்பிகஸை அரசராக்கிக்கொண்டு திரும்பியது. ஜஸ்டீனியனின் தலை துண்டாகி ரோமுக்கும் ரவென்னாவுக்கும் காட்சிக்குப் போனது. ஆறு வயதுப் பையனைப் பாட்டி பிளாகெர்னே மாதா கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தாள். ஒரு காலத்தில் ஸ்டீபனிடம் வாரடி வாங்கிய அதே அனஸ்தாசியா. பையன் ஒரு கையால் பலிபீடத்தின் காலைக் கட்டிக்கொண்டிருந்தானாம், மறுகையில் சிலுவை மரத்துண்டு. பிய்த்து இழுத்துப்போய் வாசலில் கழுத்தை அறுத்தார்கள். அந்தக் காசின் படத்தை எப்போது பார்த்தாலும் என் கண் முதலில் அந்தச் சின்னக் கைக்குத்தான் போகும்.

ஹெராக்ளியஸ் வம்சம் அத்தோடு முடிந்தது. பிலிப்பிகஸ் தன் முகத்தை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கிறிஸ்து மறுபடி முன்பக்கம் வர 843க்குப் பிறகு மூன்றாம் மைக்கேல் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது பட்டறைக்காரர்கள் எதைப் பார்த்துச் செதுக்கினார்கள் தெரியுமா? ஜஸ்டீனியனின் முதல் ஆட்சிக் காசை, அந்த நீண்ட முடி முகத்தை.

நீலாம்பரி:

நன்றி ஐயா, எல்லோருக்கும் நன்றி. சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நேற்று மாலை சொன்னேன். மூக்கு அறுத்த கதையிலிருந்து ஆரம்பித்து, முடி, தண்ணீர் டம்ளர் எல்லாம். வாயைத் திறக்காமல் கேட்டார். சித்தப்பா ஏமாந்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. இஸ்தான்புல்லில் அதே பயணத்தில் வாங்கி வந்த கம்பளம் முதல் மழைக்காலத்தில் சாயம் போனதாம், அது இதுவரை எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: இதை உருக்கினால் ஒரு மூக்குத்தி ஆகுமா?

உரைகல்:

ஆகுமே. ஏழெட்டு மூக்குத்தி ஆகும், திருகாணிக்கும் மிஞ்சும். ஆனால் உருக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சித்தியிடம் சொல்லுங்கள். நாலு கிராம் 18 காரட் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அந்தத் துண்டுக் காகிதத்தோடு சேர்த்து டப்பாவிலேயே இருக்கட்டும்.